இன்று பிரசங்கம் இல்லை

மலாக்கா முனிசிபாலிட்டியில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை தம்பிராஜாவுக்கு. காஜா பெராங் வட்டாரம் முழுவதும் அவர் பொறுப்பு. காலை எட்டு மணிக்குச் சைக்கிளில் கிளம்பினால் வாசல் வாசலாகக் குனிந்து, இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே தேளோ பூரானோ கிடக்கிறதா என்று குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு, எண்ணைக் குறித்துக்கொள்வார். தலைமுறைகளாகத் தமிழ் மறந்துபோன செட்டிமார் வாழும் கம்போங் செட்டியில் கெபாயாச் சட்டை அணிந்த பெண்கள் மலாயில் நலம் விசாரிப்பார்கள். அவரும் மலாயிலேயே பதில் சொல்வார். யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய வீட்டில் என்ன நடக்கிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

தெரியாதபடி அவர் பார்த்துக்கொண்டார். மனைவி விஜயா படுக்கையை விட்டு எழுந்து மாதக்கணக்காகியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டு நவம்பரில் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, நான்கு நாள் இருந்து, போய்விட்டது. விஜயா அப்போது ஆஸ்பத்திரியில் ஜுரத்தோடு கிடந்தாள். தம்பிராஜாதான் சிறிய பெட்டியைக் கையில் ஏந்திக் கல்லறைக்குப் போய் வந்தார். ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, பெயர் வைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிய விஜயா முதல் மாதம் அழுதாள். பிறகு அழுகையும் நின்றுவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் அப்படியே கிடந்தாள். ஊட்டினால் நாலு வாய் சாப்பிடுவாள். கேட்டால் பதில் சொல்வாள். தானாக எதுவும் சொல்ல மாட்டாள்.

தம்பிராஜா விடியுமுன் எழுந்து சோறாக்கி, அவளுடைய புடவைகளைத் துவைத்து, பக்கத்து வீட்டார் கண்ணில் படாமல் குசினிக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுவார். யாராவது கேட்டால், "அவங்களுக்கு ஒத்தத் தலைவலிங்க" என்பார். அவர் அந்த வட்டாரத் தமிழ்ச் சபையின் செயலாளர். முன்பிருந்த போதகர் ஒருமுறை மேடையில், விசுவாசம் குறைந்த வீட்டில்தான் மனம் சோர்ந்துபோகும் என்று பேசியது அவர் காதிலேயே நின்றுவிட்டது. அன்றோடு வாயை மூடிக்கொண்டார்.

அந்தப் போதகர் மாற்றலாகிப் போய், ஐம்பத்தாறில் நல்லையா போதகர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உயரமான ஆள். வந்த முதல் வாரமே வீடு வீடாகப் போனார். தம்பிராஜா படலுக்கு வெளியே வந்து நின்று, "தூங்குறாங்க ஐயா" என்று சிரித்தார். போதகர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. "சரி தம்பி, எழும்பினாப் பிறகு நான் வந்ததெண்டு சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு நாலைந்து முறை வந்திருப்பார். ஒவ்வொரு முறையும் விஜயா தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு முறைகூடப் போதகர் ஏனென்று கேட்கவில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தமிழ் ஆராதனை எட்டு மணிக்கு. அதே கோயிலில் பத்து மணிக்குச் சீனச் சபையாருக்கு ஆராதனை என்பதால் எல்லாம் நேரத்தோடு முடிந்தாக வேண்டும். பாட்டு முடிந்து போதகர் மேடை ஏறினார். கையிலிருந்த தாளைப் பிரித்தார். பிரித்தபடியே நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆயிற்று. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். தம்பிராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். போதகர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இண்டைக்குப் பிரசங்கம் இல்லை" என்றார். "எழுதித்தான் வச்சிருக்கிறன். ஆனா அதை வாசிச்சா உங்களுக்குப் பொய் சொன்னதா முடியும். மூண்டு மாசமா எனக்கு ஜெபம் வருகுதில்லை. முழங்கால் போடுறன், வாய் அசையுது, உள்ளுக்கை ஒண்டும் இல்லை. காலமை எழும்புறதே பெரிய பாடாக் கிடக்கு. போன செவ்வாய்க்கிழமை ஆரோ வந்து கதவைத் தட்டினியள். நான் உள்ளுக்கைதான் இருந்தனான். திறக்கேல்லை. சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தனான்."

போதகர் குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. தன் கால் புண்ணைப் பற்றி வைத்தியரிடம் சொல்கிறவர்போலச் சொன்னார்.

"இது எனக்குப் புதுசில்லை. ஜப்பான்காரன் சண்டை முடிஞ்ச வருசம் முதல் வந்தது. போச்சு. திரும்ப வந்தது. காரணம் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு பாவம் செய்து அதாலை வந்திருந்தா, மன்னிப்புக் கேட்டு எழும்பியிருப்பன். கர்த்தர் உங்களைக் கைவிட மாட்டார் எண்டு நான் உங்களுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன். அதை எனக்கு நானே சொல்ல இப்ப ஏலாமல் கிடக்கு. அதாலை நீங்கள் சொல்லுங்கோ. எனக்காக நீங்கள் ஜெபியுங்கோ."

சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கி, முன்வரிசை பெஞ்சில் ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்துவிட்டார்.

என்ன செய்வதென்று எவருக்கும் புரியவில்லை. வெளியே சீனச் சபையார் வந்து நிற்கிற சத்தம், குடை மடக்குகிற சத்தம் கேட்டது. கடைசியில், துணி வெளுக்கும் கமலவேணி எழுந்து நின்றாள். சபையில் அவள் வாய் திறந்து எவரும் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, எங்க ஐயாவுக்கு ஒடம்பு முடியல. பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துகொண்டாள். "ஆமென்" என்று அங்கங்கே மெதுவாகச் சொன்னார்கள்.

தம்பிராஜாவுக்கு முதலில் வந்தது கோபம். ஏன் கோபம் என்று அவருக்கே விளங்கவில்லை. நிறையப் பேர் நடுவில் தன் சட்டையை யாரோ கழற்றிவிட்டதுபோல இருந்தது. சைக்கிளை வேகமாக மிதித்து வீட்டுக்குப் போனார். விஜயாவுக்குச் சோறு பிசைந்து கொடுத்தார். கோயிலில் நடந்ததைச் சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் சபை மூப்பர் கருணாகரன் வீட்டில் கமிட்டி கூடியது. கருணாகரன் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் பெரிய கிராணி. கண்டிப்பானவரே தவிர கெட்டவர் இல்லை.

"நான் அவருமேல கோவத்துல பேசல" என்று ஆரம்பித்தார். "இன்னும் ரெண்டு மாசத்துல நாடு சுதந்திரம் ஆவுது. வெள்ளைக்கார மிசனரிங்க ஒவ்வொண்ணா நம்ம கையில குடுத்துட்டுப் போறாங்க. இவனுங்களால நடத்த முடியுமான்னு பாத்துக்கிட்டே போறாங்க. இந்த நேரத்துல, எங்க போதகருக்கு ஜெபம் வரலையாம்னு வெளிய தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க? பத்து மணி ஆளுங்க வேற வாசல்லயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதுங்களே" என்றார் தம்பிராஜா.

"நம்ம மூஞ்சிங்கள பாத்தாலே தெரிஞ்சிருக்கும்."

வேறு போதகரை அனுப்பும்படி மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவதென்று முடிவாயிற்று. ஆங்கிலத்தில் அழகாக எழுதக்கூடியவர் தம்பிராஜாதான். எழுதினார். கருணாகரன் கையெழுத்திட்டார். செயலாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. தம்பிராஜா அதை வீட்டில் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வேலை முடிந்ததும், அங்கேயே கையெழுத்தும் போட்டுவிடலாமென்று, தபாலாபீசுக்குத்தான் கிளம்பினார். ஒரு மனிதருக்குத் தெரியாமல் அவர்மேல் எழுதி அனுப்புவது சரியில்லை என்று பாதி வழியில் தோன்றியது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் இருந்த போதகர் வீட்டுக்குப் போனார்.

போதகர் குசினியில், சாரமும் பனியனுமாக, நான்கு நாள் தாடியோடு நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி அடுப்படியில் நின்றாள். தம்பிராஜா கடிதத்தை நீட்டினார். போதகர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"உங்கடை இங்கிலீசு நல்லா இருக்கு. ஒரு இடம் மட்டும் திருத்தோணும். சில வாரங்களாக எண்டு போட்டிருக்கிறியள். மூண்டு மாசம் தம்பி. அதைச் சரியாப் போடுங்கோ." கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நானும் திங்கட்கிழமை மேலிடத்துக்கு எழுதிப் போட்டிட்டன். ரெண்டும் ஒத்துப்போகோணும் பாருங்கோ."

தம்பிராஜா அதை எதிர்பார்க்கவில்லை. கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டார். "ஐயாவுக்கு வெக்கமா இல்லீங்களா?"

"இருக்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டை வந்து சாப்பிட்டதை எல்லாம் சத்தி எடுத்தனான், அவ்வளவு வெக்கம்." போதகர் மறுபடி ஒரு நெத்திலியை எடுத்தார். "ஆனா ஒளிச்சுக்கொண்டு இருக்கேக்கை இன்னும் மோசம். எனக்கில்லை, இவவுக்கு. ஆரிட்டையும் சொல்லாதை எண்டு இவவின்ரை வாயையும் கட்டி வச்சிருந்தனான். வாறவையை எல்லாம் வாசலிலை நிப்பாட்டி, ஐயா நித்திரை எண்டு சொல்லிச் சொல்லி, மனுசி மெலிஞ்சுபோச்சு."

அடுப்படியில் நின்றவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த அகப்பை மட்டும் சற்று நின்று, பிறகு மறுபடி கிண்டத் தொடங்கியது.

தம்பிராஜா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "ஐயா, எங்க வீட்ல அவங்களுக்குத் தலைவலி இல்லீங்க" என்றார்.

சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. பெட்டியைச் சுமந்தது, விடியுமுன் துவைப்பது, ஊட்டுவது, வேலைக்குப் போகையில் கதவை வெளியே பூட்டலாமா என்று ஒவ்வொரு நாளும் நினைப்பது, பூட்டாமல் போய்விட்டு மத்தியானம்வரை பயந்துகொண்டே இருப்பது என்று எல்லாவற்றையும் சொன்னார். போதகர் குறுக்கே வேதவசனம் எதுவும் சொல்லவில்லை. "சாப்பிடுறாவோ?" என்று கேட்டார். "சீப்பாலை தலை இழுக்க விடுறாவோ?" என்று கேட்டார். போதகரம்மா ஒரு கோப்பையில் தேநீர் கொண்டுவந்து தம்பிராஜாவின் கையில் வைத்து, அவர் விரல்களை அதைச் சுற்றி மூடிவிட்டுப் போனாள்.

"நான் வந்து பாக்கலாமோ எண்டு அவவிட்டைக் கேளுங்கோ" என்றார் போதகர் கடைசியில். "வேண்டாம் எண்டு சொன்னா வரமாட்டன்."

தம்பிராஜா அன்றிரவு விஜயாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சொன்னார். அவள் சுவர்ப் பக்கமிருந்து திரும்பவில்லை. மறுநாள் காலை கஞ்சி ஊட்டும்போது, "அவரு நெசமாவே எல்லாருக்கும் முன்னால சொன்னாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். "வரட்டும். ஜெபம் மட்டும் பண்ண வேணாம்னு சொல்லுங்க."

தம்பிராஜா தயங்கித் தயங்கித்தான் இதைப் போதகரிடம் சொன்னார். போதகர் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. "நல்லதாப் போச்சு. எனக்கும் வராது" என்றார்.

சனிக்கிழமை பிற்பகல் வந்தார். அறைக்குள் போகவில்லை. கதவுத் திரைக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை, நான் நல்லையா. எனக்கும் உங்கடை வருத்தந்தான். அதுதான் வந்தனான்."

போதகர் அவசரப்படவில்லை. தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குக் காலமைதான் கஷ்டம்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "கண் முழிச்ச உடனை நெஞ்சிலை ஆரோ கல்லு வச்ச மாதிரி. பின்னேரம் நாலு மணிக்கு மேலை கொஞ்சம் இறங்கும்."

"எனக்குச் சாயங்காலந்தாங்க கஷ்டம்."

உள்ளேயிருந்து வந்த குரல் அடைத்துப்போய் இருந்தது. ஒன்றரை வருடத்துக்கு மேலாகக் கணவனைத் தவிர வேறொருவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"ஏன் பிள்ளை?"

"அவன் பொறந்தது சாயங்காலம்."

போதகர் தலையை அசைத்தார். "பேர் என்ன வச்சனியள்?"

பெயர் வைக்கவில்லை என்று சொல்லத்தான் தம்பிராஜா வாயைத் திறந்தார். அதற்குள் உள்ளேயிருந்து, "தியாகு" என்று பதில் வந்தது.

தம்பிராஜா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். தன் மகனுக்கு ஒரு பெயர் இருந்தது அவருக்குத் தெரியாது. பத்தொன்பது மாதமாக அவள் ஒருத்தி மட்டும் அந்தப் பெயரை மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். சோறு, துணி, கதவு என்று எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்பட்ட அவர், இதைக் கேட்டதே இல்லை.

"தியாகு" என்று போதகர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நல்ல பேர்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரை மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு, "போட்டு வாறன் பிள்ளை" என்று எழுந்தார்.

"ஐயா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இது எப்பங்க போவும்?"

"எனக்குத் தெரியாது. எனக்குப் போனது. திரும்பவும் வந்தது. வந்தாலும் போகுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் போதகருக்குப் பதிலாகக் கருணாகரன்தான் நடத்தினார். முடிந்ததும் கமிட்டி ஆட்கள் வேப்பமரத்தடியில் கூடினார்கள். தம்பிராஜா சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

"நான் இத போடல" என்றார். "கையெழுத்தும் வைக்கல. எங்க வீட்ல அவங்க இப்படித்தான் ஒன்றரை வருசமா படுத்திருக்காங்க. தலைவலின்னு உங்க எல்லாருக்கும் பொய் சொன்னேன். இன்னிக்குச் சொல்லட்டுமான்னு அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். அவரு அன்னிக்கு மேடையில சொல்லலைன்னா நான் சாகற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

ஓரமாக நின்றுகொண்டிருந்த கமலவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கருணாகரன் கடிதத்தை வாங்கி, தன் கையெழுத்தைச் சற்று நேரம் பார்த்தார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே தம்பிராஜா" என்றார். பிறகு, "என்கிட்ட எப்படிச் சொல்லுவீங்க" என்று தானே சொல்லிக்கொண்டார். கடிதத்தை நாலாக மடித்தார். "வேற எழுதுவோம். ஓய்வு குடுங்க, ஆனா திருப்பி எங்ககிட்டயே அனுப்புங்கன்னு எழுதுங்க."

மேலிடம் பத்து வாரம் ஓய்வு கொடுத்தது. போதகரும் மனைவியும் சிரம்பானில் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். இங்கே கருணாகரன் ஏதோ ஒரு பழைய புத்தகத்திலிருந்து பிரசங்கங்களைக் கிடங்குக் கணக்கு வாசிப்பதுபோல வாசித்தார். ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். கமலவேணியும் இன்னும் இரண்டு பெண்களும் முறை வைத்து விஜயாவிடம் வந்துபோனார்கள். முதல் நாள் அவர்களைப் பார்த்ததும் அவள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். கமலவேணி அதைக் கண்டுகொள்ளாமல், கொடியில் காய்ந்த புடவைகளை எடுத்து மடித்துவைத்துவிட்டு, ஆம்பளை துவைச்சது ஒழுங்காத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி, சுதந்திர நாளன்று, ஊரே தெருவில் இருந்தது. கடைக்குக் கடை புதுக்கொடி. விஜயாவை விட்டுப் போக மனமில்லாமல் தம்பிராஜா வீட்டிலேயே இருந்தார். "நீங்க போயி பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள் அவள். அவர் போய் வந்து, கூட்டத்தையும் வாத்தியக்காரர்களையும் பள்ளிப் பிள்ளைகள் நடந்துபோனதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் எழுந்து கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். பிள்ளைகள் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்கள் என்று கேட்டாள்.

செப்டம்பரில் போதகர் திரும்பினார். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விஜயா கோயிலுக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லுமுன் எழுந்து போய்விட்டாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தாள். அவள் குணமானாள் என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது. எழுந்த நாட்கள் மெல்ல மெல்ல, எழாத நாட்களைவிட அதிகமாயின. ஐம்பத்தொன்பதில் போதகருக்கு அந்தச் சோர்வு மறுபடி வந்தபோது எவரும் கூட்டம் போடவில்லை. அந்த முறை போதகர் வீட்டுக்குக் கஞ்சி எடுத்துப் போனவர்களில் விஜயாவும் ஒருத்தி.

அறுபதில் போதகருக்குத் தெலுக் ஆன்சனுக்கு மாற்றல் வந்தது. மாதம் ஒரு கடிதம் விஜயாவுக்கு எழுதுவார். கத்தரிக்காய் காய்த்திருப்பதையும், இந்த மாதம் காலைகள் எப்படி இருந்தன என்பதையும் எழுதுவார். அவளும் அப்படியே பதில் எழுதினாள். தம்பிராஜா அந்தக் கடிதங்களைப் படிக்கக் கேட்டதில்லை. அவளாகச் சில வரிகளை வாசித்துக் காட்டுவாள்.

அடுத்த வருடம் மீட்டர் பார்க்கப் போன இடத்தில், துணிக்கடைக்காரர் சிஹாபுதீனின் மனைவி ரோஷன் பீவி தம்பிராஜாவை நிறுத்திப் பேசினாள். கிளேபாங்கில் கட்டிக்கொடுத்த மகள் ஹஸீனாவுக்குப் பிறந்த பிள்ளை தங்கவில்லையாம். "நாப்பது நாளும் முடிஞ்சு போச்சு, இன்னும் எழும்ப மாட்டேங்கிறா" என்று கண்கலங்கினாள். தம்பிராஜா வீட்டுக்கு வந்து விஜயாவிடம் சொன்னார். மறுநாள் அவள், "கிளேபாங் பஸ்சு எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

இருவரும் போனார்கள். விஜயா ஹஸீனாவின் வீட்டுக்குள் போக, தம்பிராஜா கடற்கரையோரம் ஒரு வாதுமை மரத்தடியில் காத்திருந்தார். தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. பெண்கள் குனிந்து மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவள் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னே அந்தப் பொண்ணுகிட்ட?"

"ஒண்ணும் சொல்லல. எனக்கும் இப்படி இருந்துச்சுன்னேன். பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"அவ என்ன சொன்னா?"

"அவளும் பேசல." விஜயா பஸ் வருகிற பக்கம் பார்த்தாள். "நான் எழுந்ததும் என் முந்தானையப் புடிச்சுக்கிட்டா. நாளைக்கும் வரேன்னு சொல்லியிருக்கேன்."